பித்தப்பைக் கல்லும் பத்தியத்தின் எல்லையும்

சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் தமிழருக்கு நோய் என்பது இரட்டைச் சுமையாகும். உடலின் நோவு ஒரு சுமை. அந்நோவை வேற்று மொழியில் எடுத்துரைத்து, மருத்துவர் கூறும் கருத்தையும் வேற்று மொழியிலேயே புரிந்துகொண்டு, உற்றாரும் உறவினரும் அருகில் இல்லாத வேளையில் ‘சரி’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ முடிவு சொல்லவேண்டிய பொறுப்பு மற்றொரு சுமை. இவ்விரண்டையும் ஒருசேரச் சுமக்கவைக்கும் நோய்களுள் பித்தப்பைக் கல் ஒன்று. அதைக் குறித்தே இன்று சில சொற்கள் கூற விழைகின்றோம்.

முன்னதாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாம் மருத்துவர் அல்லோம். கலைப்பிரிவில் பட்டம் பெற்று, ஐதராபாத் நகரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்து வருகின்றோம். நாற்பத்தைந்தாம் வயதில் இந்நோயை முதலில் உடலால் அறிந்தோம். பின்னர் நூல்களாலும் மருத்துவர் வாயிலாகவும் அறிந்தோம். அவ்வாறு அறிந்தவற்றைப் பகிர்ந்துகொள்வதே நம் நோக்கம். மருந்தும் சிகிச்சையும் அவரவர் மருத்துவரிடம் கேட்டுப் பெறவேண்டியவை.

பித்தம் என்னும் சொல் நமக்குப் புதியதன்று. தலை சுற்றினால் பித்தம் என்போம். வாய் கசந்தால் பித்தம் என்போம். இளமையில் தலை நரைத்தால் அதையும் பித்தநரை என்போம். இன்றைய உடலியல் கூறும் பித்தநீர் அவ்வளவு பரந்த பொருளுடையதன்று. அது கல்லீரலில் நாள்தோறும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை ஊறும் நீர். உணவிலுள்ள கொழுப்பைச் சிறு சிறு திவலைகளாகப் பிரித்துச் செரிமானத்திற்கு உதவுவது. உணவு இல்லாத வேளையில் இந்நீரில் ஒரு பகுதி, கல்லீரலின் அடியில் பேரிக்காய் வடிவில் தொங்கும் சிறு பை ஒன்றில் சென்று தேங்கிக் கெட்டிப்படுகின்றது. அதுவே பித்தப்பை. அதன் கொள்ளளவு 30 முதல் 50 மில்லிலிட்டரே.

நம் ஊர் ஏரியை எண்ணிப் பாருங்கள். வாய்க்கால் வழியே வரும் நீர் ஏரியில் தேங்குகின்றது. வயலுக்கு வேண்டும்போது மதகைத் திறக்கின்றோம். கொழுப்புள்ள உணவு குடலுக்குள் நுழைந்ததும் ஒரு ஹார்மோன் சுரந்து, இரத்தத்தின் வழியே வந்து, பித்தப்பையைச் சுருங்கச் செய்கின்றது. மதகு திறந்து பித்தநீர் பாய்கின்றது. இப்பித்தநீரில் கொலஸ்டிராலோ நிறமிப் பொருளோ அளவுக்கு மிஞ்சி, பையும் சரிவரச் சுருங்காது போனால், ஏரியில் வண்டல் படிவது போலப் படிவுகள் தோன்றி நாளடைவில் கற்களாகின்றன. கல் ஏரியின் நடுவே கிடக்கும்வரை தொல்லையில்லை. மதகின் வாயில் வந்து சிக்கிக்கொண்டால், பை சுருங்கச் சுருங்க வலி மிகுகின்றது. மதகைக் கடந்து வெளி வாய்க்காலில் இறங்கி அங்கே அடைத்துக்கொண்டாலோ, ஆபத்து அதனினும் பெரிது. காமாலை, குளிர்காய்ச்சல், கணையத்தின் அழற்சி ஆகியவை அவ்வழியே வருவன.

இந்நோய் ஆண்களைக் காட்டிலும் பெண்களிடம் மிகுதி. மகப்பேறு, உடற்பருமன், முதிரும் வயது, சர்க்கரை நோய், குடும்ப வழி ஆகியவை இதற்கு இடம் தருகின்றன. இரத்தச் சிவப்பணுக்கள் விரைந்து அழியும் பரம்பரை நோயுடையோர்க்கும் கற்கள் தோன்றுகின்றன. உடலை விரைந்து இளைக்கச் செய்வதற்காக நெடும்பட்டினி கிடப்போர்க்கும் இது வருவதுண்டு என்பதைப் பலர் அறியார்.

நமக்கு முதல் வலி வந்தது செகந்திராபாத்தில் ஒரு திருமண விருந்து உண்டு திரும்பிய இரவில். ஒரு மணியளவில், மேல்வயிற்றில் விலா எலும்பின் அடியில் இறுக்கிப் பிடித்தாற்போல் ஒரு வலி தோன்றி, வலத் தோள்பட்டையின் பின்புறம் வரை பரவிற்று. வாயு என்று எண்ணி ஓமநீர் குடித்தோம், சோடா குடித்தோம். படுத்தாலும் அமர்ந்தாலும் நடந்தாலும் வலி குறையவில்லை. மூன்று மணி நேரம் வாட்டிவிட்டுத் தானே அகன்றது. மறுவாரம் மீண்டும் வந்தபோது, மாரடைப்போ என்று அஞ்சி மருத்துவமனைக்கு ஓடினோம். அவ்வச்சம் தவறன்று. நடுவயதில் வரும் மேல்வயிற்று வலிக்கு இதயத்தையும் சோதித்துப் பார்ப்பதே முறை. நம் இதயம் நன்றாக இருந்தது. வயிற்றை ஸ்கேன் செய்தபோது பித்தப்பையில் கற்கள் பல காணப்பட்டன.

மருத்துவர் தெலுங்கில் ‘பித்தாசயம்லோ ராள்ளு’ என்றார். அருகிலிருந்த செவிலியர் இந்துஸ்தானியில் ‘பித்தே கீ பத்ரி’ என்றார். அறிக்கையோ ஆங்கிலத்தில் இருந்தது. நாள் முழுதும் சொல்லை மொழிபெயர்த்துப் பிழைக்கும் நமக்கே அந்நேரத்தில் எச்சொல்லும் மனத்தில் பதியவில்லை. கல் என்னும் ஒரு சொல் மட்டுமே பதிந்தது. ஆதலின் நேயர்களுக்கு ஒரு யோசனை. அத்தகைய அறிக்கை கைக்கு வந்தால், அதில் மூன்று செய்திகளை மட்டும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது, ‘கால்குலை’ எனப்படும் கற்கள் எத்தனை, எவ்வளவு பெரியவை என்பது. இரண்டாவது, பித்தப்பையின் சுவர் தடித்துள்ளதா என்பது. தடித்திருந்தால் அழற்சி இருக்கலாம். மூன்றாவது, ‘சி.பி.டி.’ என்று சுருக்கி எழுதப்படும் பொதுப் பித்தநாளம் விரிந்துள்ளதா என்பது. விரிந்திருந்தால் கல் அதனுள் இறங்கியிருக்கக்கூடும். இம்மூன்றையும் அறிந்தால், எம்மொழியில் பேசினாலும் மருத்துவர் கூறுவது விளங்கும்.

வலி இருமுறை வந்துவிட்டமையால் பித்தப்பையை அகற்றிவிடுவதே நன்று என்றார் மருத்துவர். நாம் அவகாசம் கேட்டோம். கேட்டது அவகாசம், உள்ளத்தில் இருந்தது அச்சம். கத்திக்குத் தப்ப ஒரு வழி உண்டாயின் அது பத்தியமே என்று முடிவு கட்டினோம்.

பத்தியம் பற்றி அறிய ஐதராபாத்தைவிடத் தக்க ஊர் கிடைப்பது அரிது. தார்நாகாவில் உஸ்மானியா பல்கலைக்கழகத்தை அடுத்துத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் உள்ளது. இந்நிறுவனமும் நம்மைப் போலவே தமிழகத்திலிருந்து இங்குக் குடியேறியதுதான். 1918-இல் குன்னூரில், ராபர்ட் மக்கரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்வதற்கென ஒற்றை அறையளவில் தொடங்கிய முயற்சி அது. 1958-இல் ஐதராபாத்துக்கு மாறிற்று; 1969-இல் இன்றைய பெயரைப் பெற்றது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதன் இயக்குநராக இருந்து, இந்திய உணவுப் பொருள்களின் சத்துகளை அட்டவணையிட்டு எளிய மக்களும் பயன்கொள்ளச் செய்தார்.

அந்நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2000 கலோரி உண்ணும் ஒருவருக்குச் சமையல் எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம் என்று அளவிடப்பட்டுள்ளது. ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி. நால்வர் உள்ள இல்லத்திற்கு மாதம் மூன்றரை லிட்டர். இது நலமுடையோர்க்கான அளவு. நம் இல்லத்தில் மளிகைக் கணக்கைப் புரட்டிப் பார்த்தபோது, நால்வருக்கு மாதம் ஆறு லிட்டர் எண்ணெயும் அதன்மேல் ஒரு கிலோ நெய்யும் செலவாகியிருந்தன. இல்லத்தரசியார் அன்று முதல் எண்ணெய்ப் பாத்திரத்தைத் தூக்கிச் சாய்ப்பதை விடுத்துத் தேக்கரண்டியால் அளந்தே வார்க்கலானார்.

கண்ணுக்குத் தெரியும் எண்ணெய் பாதி. தெரியாத கொழுப்பு மீதி. இந்நகரில் எருமைப்பால் மிகுதி. முழுக் கொழுப்புப் பால் நூறு மில்லிலிட்டரில் 6 கிராம் கொழுப்பு உள்ளது. டோன்டு பாலில் 3 கிராம். டபிள் டோன்டு பாலில் 1.5 கிராம். நாளொன்றுக்கு 300 மில்லிலிட்டர் பால் அருந்துபவர் பாக்கெட்டை மாற்றிய அளவிலேயே பதின்மூன்று கிராமுக்கு மேல் கொழுப்பைக் குறைத்துவிடலாம். இட்லிக்குக் கெட்டித் தேங்காய்ச் சட்டினியும் வேர்க்கடலைச் சட்டினியும் மாறிமாறி வைத்துக்கொண்டு, ‘எண்ணெயே இல்லாத சிற்றுண்டி’ என்று நாம் மகிழ்கின்றோம். தேங்காயில் கொலஸ்டிரால் இல்லைதான். ஆயினும் கொழுப்பு உண்டு. பித்தப்பையைச் சுருங்கச் செய்வதற்கு அதுவே போதும்.

ஆகவே நம் பத்தியம் இவ்வாறு அமைந்தது. காலையில் இட்லி அல்லது இடியாப்பம். தொட்டுக்கொள்ளச் சாம்பார் அல்லது புதினாத் துவையல். நண்பகலில் சோறு, பருப்பு, ரசம், கீரை, ஒரு காய், நீர்மோர். மாலையில் பழம். இரவில் எண்ணெய் தடவாத சப்பாத்தியும் கூட்டும். வடை, பூரி, மிளகாய் பஜ்ஜி, பிரியாணி, ரமலான் மாதத்து ஹலீம், ஆட்டுக்கால் பாயா, ஆவக்காய் ஊறுகாயின்மேல் நிற்கும் எண்ணெய், கெட்டிப் பாலில் காய்ச்சும் ஈரானித் தேநீர் ஆகியவற்றுக்கு விடை கொடுத்தோம். வயிறு முட்ட உண்பதை விட்டுச் சிறுகச் சிறுக உண்டோம்.

இங்கு இரு எச்சரிக்கைகள் சொல்லவேண்டும். கொழுப்பை முற்றிலும் ஒழிப்பது பத்தியமன்று. சிறிதும் கொழுப்பின்றி உண்டால் பை சுருங்குவதற்கே வேலையின்றிப் பித்தநீர் தேங்கும். ஏ, டி, இ, கே என்னும் வைட்டமின்களும் உடலில் சேரா. காலை உணவைத் தவிர்ப்பதும், விரதமென்று நாள் முழுதும் வெறும் வயிற்றோடு இருப்பதும் அவ்வாறே தேக்கத்தைப் பெருக்கும். விரதம் இருப்போர் மருத்துவரைக் கலந்துகொள்வது நன்று.

பத்தியம் பலன் தந்தது. எட்டு மாதம் வலியே வரவில்லை. எடையும் மெல்ல நான்கு கிலோ குறைந்தது. ‘பார்த்தீர்களா, கத்தியில்லாமலே வென்றுவிட்டோம்’ என்று அலுவலகத்தில் பெருமை பேசினோம். அடுத்த தெருவில் கும்பகோணத்துப் பெரியவர் ஒருவர் இருக்கின்றார். இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இதே நோய்க்கு அறுவை செய்துகொண்டவர். அவர் மட்டும் கேட்டார்: “தம்பி, மதகிலே கல் கிடக்கும்போது தண்ணீரைக் குறைத்துவிட்டால், கல் போய்விட்டதென்று அர்த்தமா?” அவருக்கு விடை சொல்லாமல் சிரித்து மழுப்பினோம்.

பெரியவர் கேட்டதே சரியான கேள்வி. கொழுப்பைக் குறைத்த உணவு, பை வேகமாகச் சுருங்கும் சந்தர்ப்பங்களைக் குறைக்கின்றது. ஆதலின் வலி குறைகின்றது. ஆனால் முன்பே தோன்றிவிட்ட கல்லை உணவு கரைப்பதில்லை. ஊரில் இருக்கும் தாயார் தொலைபேசியில், “தம்பி, வயிற்றைக் கீற ஒப்புக்கொள்ளாதே, வாழைத்தண்டுச் சாறு குடி, கல் கரைந்துவிடும்” என்று அழுதார். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்பது பழமொழி. நம் திறத்தில் பித்தும் கல்லும் பிள்ளையின் வயிற்றிலேயே இருந்தன. வாழைத்தண்டு சிறுநீரகக் கல்லுக்கென்று நம்மவர் வழிவழியாகக் கொள்ளும் உணவு. சிறுநீரகத்துக்கும் பித்தப்பைக்கும் வழித்தொடர்பே இல்லை. கல் என்னும் பெயர் ஒன்றே இரண்டுக்கும் பொது. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்துக் கற்களை வெளியேற்றியதாகக் கூறுவோரும் உளர். மறுநாள் மலத்தில் காணப்படும் பச்சை உருண்டைகள் அவ்வெண்ணெய் குடலில் உறைந்து உண்டான சோப்புக் கட்டிகளே என்று சோதனையில் கண்டிருக்கின்றனர்.

கரைக்கும் மாத்திரை இல்லையா என்று கேட்கலாம். பித்த அமில மாத்திரை ஒன்று உண்டு. சிறிய கொலஸ்டிரால் கற்களை மட்டும் அது பல மாதங்களில் கரைக்கவல்லது. அதற்கும் பித்தப்பை நன்கு இயங்கவேண்டும். கரைந்தபின்னும் ஐந்தாண்டுகளுக்குள் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் கற்கள் மீண்டும் தோன்றுகின்றன. நிறமிக் கற்களிடம் அம்மாத்திரை பலிப்பதில்லை.

இங்கு நம் நாட்டு ஆராய்ச்சி ஒன்றைக் குறிப்பிடவேண்டும். 1968-இல் மல்ஹோத்ரா என்னும் இரயில்வே மருத்துவர், இந்திய இரயில்வே ஊழியரிடையே இந்நோயின் பரவலை ஆராய்ந்து வெளியிட்டார். தென்னாட்டு ஊழியரைக் காட்டிலும் வடநாட்டு ஊழியரிடம் இது ஏழு மடங்கு மிகுதி என்று அவர் கண்டார். கற்களின் தன்மையும் வேறுபடுகின்றது. வடக்கே பெரும்பாலும் கொலஸ்டிரால் கற்கள். தெற்கே நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் கூடுதல் என்று பின்வந்த ஆய்வுகள் கூறுகின்றன. தென்னாட்டாருக்கு இந்நோய் அரிது என்று மார்தட்ட இது காரணமாகாது. நமக்கு வரும் கல் பெரும்பாலும் மாத்திரைக்கும் பத்தியத்திற்கும் அசையாத கல் என்பதே இதிலிருந்து கொள்ளவேண்டிய பாடம்.

ஒன்பதாம் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. விருந்தில்லை, பிரியாணியில்லை. காலையில் மூன்று இட்லியும் சாம்பாரும் உண்டு அலுவலகம் சென்றோம். பதினொரு மணிக்கு வலி தொடங்கிற்று. இம்முறை அது அகலவில்லை. மாலையில் உடல் நடுங்கிக் குளிர்காய்ச்சல் கண்டது. மறுநாள் காலை இல்லத்தரசியார் நம் கண்ணை விரித்துப் பார்த்து மஞ்சள் பூத்திருப்பதைக் கண்டார். தாயார் கீழாநெல்லியை அரைத்துக் குடிக்கச் சொன்னார். ஊருக்கே வந்துவிடும்படியும் வற்புறுத்தினார். ஓர் இரவு இரயில் பயணந்தானே என்று நாமும் மயங்கினோம். நேயர்களே, காமாலையில் பல வகை உண்டு. கல் அடைத்து வரும் காமாலைக்குக் கல்லை எடுப்பதே மருந்து. அதனோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் ஒருநாள் தாமதமும் உயிருக்கு உலை வைக்கும். நல்வேளையாக இல்லத்தரசியார் எவர் சொல்லையும் கேளாது, அரைமணி நேரத்தில் நம்மை மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்.

வாய் வழியே உள்நோக்கிக் குழாயைச் செலுத்தி, பித்தநாளத்தின் வாயைச் சிறிது கீறி, அடைத்திருந்த கல்லை எடுத்தனர். 1974-இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் தொடங்கிய முறை அது. காய்ச்சல் தணிந்தபின், சில நாளில் பித்தப்பையும் அகற்றப்பட்டது. எட்டு மாதத்துக்கு முன்பே செய்திருந்தால் ஒரே சிகிச்சையோடு போயிருக்கும். ஒத்திப்போட்டமையால் இரண்டாயிற்று, நடுவில் உயிர் ஊசலாடிற்று.

நம்மைத் தடுத்த அச்சங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்போம். முதலாவது, கத்தியைப் பற்றிய அச்சம். பித்தப்பையை முதன்முதலில் அகற்றியவர் பெர்லினைச் சேர்ந்த கார்ல் லாங்கன்பூக். 1882 ஜூலை 15-இல், பதினாறு ஆண்டுகள் வலியால் வாடிய 43 வயது மனிதர் ஒருவருக்கு அவர் அதைச் செய்தார். அதன்பின் நூறாண்டுக் காலம் வயிற்றை நீளக் கீறியே இவ்வறுவை நடந்தது. 1985-இல் எரிக் மூஹே என்னும் ஜெர்மானியர், சிறு துளை வழியே குழாயைச் செலுத்திப் பித்தப்பையை எடுத்தார். உடன் மருத்துவர்கள் முதலில் அவரை ஏற்கவில்லை. 1987-இல் பிரான்சில் மூரே செய்து காட்டியபின் அது உலகெங்கும் பரவிற்று. நம் நாட்டில் 1990-இல் மும்பையில் டாக்டர் தெஹம்தன் உத்வாடியா இதைத் தொடங்கிவைத்தார். இன்று மூன்று நான்கு சிறு துளைகளோடு வேலை முடிகின்றது. பலர் ஓரிரு நாளில் வீடு திரும்புகின்றனர்.

இரண்டாவது, மயக்கமருந்தைப் பற்றிய அச்சம். இதற்கும் ஐதராபாத்தில் ஒரு வரலாறு உண்டு. குளோரோபார்ம் கொடுக்கையில் சிலர் இறப்பது ஏன் என்று கண்டறிய, ஆறாம் நிஜாமின் பொருளுதவியோடு எட்வர்டு லாரி என்னும் மருத்துவர் 1888-லும் 1889-லும் இந்நகரில் இரு ஆய்வுக்குழுக்களை நடத்தினார். மூச்சைக் கவனித்தால் போதும், இதயத்துக்கு ஆபத்தில்லை என்று அவர் முடிவு கூறினார். 1911-இல் அம்முடிவு முழுமையன்று, குளோரோபார்ம் இதயத்தையும் நிறுத்தவல்லது என்று மெய்ப்பிக்கப்பட்டது. அத்தகைய பிழைகளைத் திருத்தித் திருத்தியே இக்கலை வளர்ந்தது. இன்று இதயத் துடிப்பையும் மூச்சையும் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவையும் நொடிக்கு நொடி கருவிகள் காட்டிக்கொண்டிருக்கின்றன. நம் அச்சம் பழைய குளோரோபார்ம் காலத்து அச்சமாகவே இருந்தது.

ஆயினும் ஆபத்தே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. 1953-இல் பிரிட்டிஷ் வெளிநாட்டு அமைச்சர் அந்தோணி ஈடன், இலண்டனில் இதே அறுவை செய்துகொண்டபோது அவருடைய பித்தநாளம் காயமுற்றது. அதைச் சீர்செய்ய அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கே செல்லவேண்டியதாயிற்று. பிரதமரான பின்னரும், 1956-இல் சூயஸ் நெருக்கடி மூண்டிருந்த நாள்களில், அவரைக் காய்ச்சல் வாட்டியது. இன்றும் ஆயிரம் பேருக்குச் சிலரிடம் இத்தகைய காயம் நேர்கின்றது. ஆகவே, ‘இவ்வறுவையை நீங்கள் அடிக்கடி செய்வதுண்டா, துளை வழியே முடியாமற்போனால் கீறிச் செய்வீர்களா’ என்று மருத்துவரைக் கேட்பதில் தவறில்லை. இடையில் கீற நேர்ந்தால் அது தோல்வியன்று. பாதுகாப்பைக் கருதிய முடிவே.

அப்படியாயின் கல் உள்ளவர் அனைவரும் அறுவைக்குச் செல்லவேண்டுமா? வேண்டுவதில்லை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கையில் கல் தென்பட்டு, ஒருமுறையும் வலி வராதவர் பலர். அவர்களுள் ஆண்டுக்கு நூற்றுக்கு ஓரிருவருக்கே தொல்லை தொடங்குகின்றது. அவர்கள் அளவோடு உண்டு, கவனித்துக்கொண்டு காத்திருக்கலாம். மூன்று சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல், பையில் கட்டி, சுவரில் சுண்ணாம்புப் படிவு ஆகியவை இருந்தால் நிலை வேறு. கங்கைச் சமவெளியிலும் அசாமிலும் பித்தப்பைப் புற்றுநோய் மிகுதியாதலால் அப்பகுதி மருத்துவர்கள் சிலர் விரைந்தே அறுவையைச் சொல்வதுண்டு. வலி வரத் தொடங்கியவருக்கோ, அது மீண்டும் வருவதே வழக்கம். அவருக்குப் பத்தியம் ஓர் இடைக்கால உதவி. உடல்நிலையைச் சீர்செய்து, விடுப்பும் பணமும் துணையும் திரட்டி, நல்ல நாளில் அறுவையை முடித்துக்கொள்வதற்கு அது அவகாசம் தருகின்றது. அந்த அவகாசத்தை வெற்றி என்று எண்ணிவிட்டதே நம் பிழை.

வெளிமாநிலத்தில் வாழ்வோர் சிலவற்றை முன்கூட்டியே செய்துவைக்கலாம். ஸ்கேன் அறிக்கைகளை ஒரே உறையில் வைத்திருங்கள். உங்களுக்காகக் கையெழுத்திடவும், உள்ளூர் மொழி பேசவும் வல்ல அண்டைவீட்டார் ஒருவரிடம் செய்தியைச் சொல்லிவையுங்கள். அரசு ஊழியராயின் உங்கள் சுகாதாரத் திட்டத்தில் எந்தெந்த மருத்துவமனைகள் உள்ளன என்று அறிந்திருங்கள். 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் அட்டை உடையோர், அத்திட்டத்தில் சேர்ந்த பிற மாநில மருத்துவமனைகளிலும் அதைப் பயன்படுத்த இடமுண்டு. காய்ச்சல், கண்ணில் மஞ்சள், சில மணி நேரத்தில் தணியாத வலி, ஓயாத வாந்தி ஆகியவற்றுள் எது கண்டாலும் ஊருக்குச் சீட்டு எடுக்காதீர்கள். இருக்கும் ஊரின் மருத்துவமனைக்கே விரையுங்கள்.

பித்தப்பை இல்லாமல் எப்படி வாழ்வது என்பது தாயாரின் கடைசிக் கேள்வி. ஏரி தூர்ந்தாலும் ஆறு ஓடிக்கொண்டுதான் இருக்கின்றது. கல்லீரல் ஊறவைக்கும் பித்தநீர் நேரே குடலில் சொட்டுகின்றது. முதற்சில வாரங்கள் கொழுப்பு மிகுந்தால் வயிறு சற்று இளகிற்று. பின்னர் அதுவும் சீர்பட்டது. இன்று எல்லாம் உண்கின்றோம். ஆயினும் தேக்கரண்டி அளவை மட்டும் இல்லத்தரசியார் விடவில்லை.

அறுவை முடிந்த மறுநாள், மருத்துவர் ஒரு சிறு புட்டியைக் காட்டினார். உள்ளே பதினேழு கற்கள் இருந்தன. மிளகு போல் கரியவை; நிறமிக் கற்கள். எட்டு மாதம் எண்ணெயை அளந்து அளந்து உண்டதில் அவற்றுள் ஒன்றும் கரைந்திருக்க முடியாது. அப்புட்டியை அஞ்சறைப் பெட்டிக்கு அருகில் வைக்கலாகாது, யாரேனும் இரசத்தில் போட்டுவிடுவார்கள் என்று கும்பகோணத்துப் பெரியவர் சிரித்தார். இம்முறை நாமும் மனம்விட்டுச் சிரித்தோம்.